12 வயது டிராவல் பேஸ்பால் டீம்: ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கவும் வேண்டும், எல்லாப் பையன்களும் வளரவும் வேண்டும்

டக்அவுட்_மூலை:

வணக்கம் நண்பர்களே. ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடும் 12 வயதுக்குட்பட்ட டிராவல் டீம் ஒன்றுக்கு ஹெட் கோச்சாக இருக்கிறேன். சம்பளமெல்லாம் கிடையாது, மகன் டீமில் இருக்கிறான், அதனால் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் 12 பேர். அதில் இரண்டு பேர் இந்த வயதிலேயே ஆளாகிவிட்டவர்கள், அவர்கள் பிட்ச் பண்ணினால் (பேட்டருக்குப் பந்து எறிந்தால்) எதிரணிப் பையன் பேட்டை அசைப்பதற்குள் பந்து அவனுக்குப் பின்னால் உட்காரும் கேட்ச்சரின் க்ளவ்வில் இருக்கும். இன்னும் நாலைந்து பேருக்கு ஸ்ட்ரைக் போட (பேட்டருக்கு எட்டும் எல்லைக்குள் பந்தை வைக்க) வரும், ஆனால் வேகம் இல்லை, அவர்கள் பந்து நன்றாக அடி வாங்கும்.

பிரச்சினை டோர்னமென்ட் வார இறுதிதான். சனிக்கிழமை பூல் மேட்ச் இரண்டு, ஞாயிறு நாக்அவுட். சனிக்கிழமை அந்த இரண்டு பேரையும் போட்டால் ஞாயிறு நல்ல இடத்திலிருந்து தொடங்கலாம், ஆனால் ஞாயிறும் அவர்களே வேண்டும் என்று பெற்றோர் நிற்கிறார்கள். நாங்கள் ஆடும் டோர்னமென்ட்களில் ஒருவன் எத்தனை இன்னிங்ஸ் பிட்ச் பண்ணலாம் என்ற கணக்குதான் (மூன்று அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ்), பந்துக் கணக்கு இல்லை, அதனால் விதிப்படி தடையும் இல்லை. இரண்டு பேரில் ஒருவன் பிட்ச் பண்ணாத மேட்ச்சில் கேட்ச்சர் வேறு. கடந்த சில வாரங்களாக டக்அவுட்டில் உட்கார்ந்தால் முழங்கையின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். வலிக்கிறதா என்று கேட்டால் "இல்ல கோச்" என்கிறான்.

அடுத்தது, இரண்டு பையன்கள் எப்போது பார்த்தாலும் ரைட் ஃபீல்டில்தான் (பந்து அதிகம் வராத வலது வெளிப்பக்கம்), பேட்டிங் வரிசையிலும் கடைசி. அவர்கள் வீட்டில் வேறு டீம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்வி. வாரத்துக்கு இரண்டு ப்ராக்டிஸ், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், அதில் பாதி நேரம் ஒருவன் பேட் பண்ண மற்றவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

பழைய_கேட்ச்சர்:

ரைட் ஃபீல்ட், ப்ராக்டிஸ் எல்லாம் அப்புறம். முழங்கையைத் தேய்க்கும் பையனிடமிருந்து தொடங்குங்கள். 12 வயதுப் பையன் "வலிக்கிறது" என்று கோச்சிடம் சொல்லவே மாட்டான், சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். உள்பக்க முழங்கையில் அந்த வயதில் இருப்பது இன்னும் முழுசாக எலும்பாகாத வளர்ச்சித் தட்டு. ஒவ்வொரு முறை வேகமாக எறியும்போதும் தசைநார் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது, ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது வீங்கும், சில நேரம் பிய்ந்தும் போகும். லிட்டில் லீக் எல்போ என்று சொல்வது இதைத்தான். விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவன் பிட்ச் பண்ணவும் கூடாது, கேட்ச்சராக உட்காரவும் கூடாது. கேட்ச்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான், நடுவில் அடுத்த பேஸுக்கு ஓடி ஸ்டீல் பண்ணுபவனைப் பிடிக்க முழு வேகத்தில் இரண்டாம் பேஸுக்கு வீசுகிறான், அது கைக்கு ஓய்வே இல்லை. லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதியிலேயே 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்று கேட்ச்சராக ஆடக் கூடாது, நாலு இன்னிங்ஸ் கேட்ச்சராக இருந்தவன் அன்று பிட்ச் பண்ணக் கூடாது. உங்கள் டோர்னமென்ட் அனுமதிக்கிறது என்பதால் உங்கள் டீமும் அனுமதிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

இன்னிங்ஸ் கணக்கை நம்பவே நம்பாதீர்கள். ஒரு இன்னிங்ஸ் 9 பந்திலும் முடியும், 35 பந்திலும் முடியும், கைக்குத் தெரிவது பந்துதான். அமெரிக்கத் தொழில்முறை மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் அட்டவணையை பிரிண்ட் எடுத்து டக்அவுட்டில் ஒட்டுங்கள். 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. 20 வரை போட்டால் மறுநாளே எறியலாம், 21 முதல் 35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நாலு நாள். சனிக்கிழமை 70 பந்து போட்டவன் ஞாயிற்றுக்கிழமை பிட்ச்சர் நிற்கும் மவுண்ட் பக்கமே போகக் கூடாது என்று அர்த்தம்.

இது பயமுறுத்தல் இல்லை. 9 முதல் 14 வயது வரையிலான 481 பிட்ச்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் பிட்ச் பண்ணியவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு. களைத்த கையோடு வழக்கமாகப் பிட்ச் பண்ணுவதுதான் இன்னும் மோசம் என்று அதற்கு முன்பே வேறு ஆய்வு சொல்லியிருக்கிறது. களைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பந்துகள் மேலே மேலே போக ஆரம்பிக்கும், எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், இரண்டு பந்துக்கு நடுவே தொப்பியைச் சரிசெய்வான், மண்ணைக் கிளறுவான், லேஸ் கட்டுவான். லேஸ் கட்டினால் எண்ணிக்கையைப் பார்க்காமலேயே மாற்றிவிடுங்கள்.

ஞாயிறு_பிராக்கெட்:

கை விஷயத்தில் பழைய கேட்ச்சர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் "இந்த வயதில் ஜெயிப்பது முக்கியமே இல்லை" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையன்களுக்கு ஜெயிப்பது முக்கியம். போட்டி டீம் என்று சொல்லித்தானே ட்ரைஅவுட் வைத்து எடுத்தோம்? ஞாயிறு காலை முதல் மேட்ச்சிலேயே வெளியேறி வீட்டுக்குப் போவதால் எந்தப் பையனும் வளர்ந்துவிடுவதில்லை. ஜெயிக்கப் பாருங்கள், ஆனால் எல்லோரையும் வைத்து ஜெயிக்கப் பாருங்கள்.

அதற்கு வழி அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. 20 பந்து என்ற எல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரண்டு மேட்ச்சையும் உங்கள் நாலைந்து மெதுவான பிட்ச்சர்களிடம் கொடுத்துவிடுங்கள், ஆளுக்கு ஒன்று இரண்டு இன்னிங்ஸ். யாராவது 20-க்குள் முடித்தால் அவன் ஞாயிறும் கிடைப்பான். பெரிய பையன் சனிக்கிழமை வந்தாக வேண்டும் என்றால் 20 பந்து மட்டும், 21-வது பந்து போனால் ஞாயிறு போச்சு. அதனால் ஞாயிறு கொஞ்சம் கீழிடத்திலிருந்து தொடங்குவீர்கள், ஆனால் மற்ற டீம்களின் நல்ல கைகள் எல்லாம் காலியாகியிருக்கும்போது உங்களிடம் புதுக் கை இருக்கும். சீடிங்குக்காக, அதாவது ஞாயிறு நல்ல இடத்துக்காக, எல்லாவற்றையும் சனிக்கிழமையே கொட்டிவிட்டு ஞாயிறு கையைப் பிசையும் கோச்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அந்த மெதுவான பையன்களை மேட்ச் கைவிட்டுப் போன பிறகு மட்டும் அனுப்பாதீர்கள். 11-2 என்று இருக்கும்போது மட்டுமே கூப்பிட்டால் "நான் தோற்ற மேட்ச்சின் பிட்ச்சர்" என்று அவனே முடிவு பண்ணிவிடுவான். சமநிலையில் இருக்கும்போது, இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது ஒருமுறை விட்டுப் பாருங்கள். ரன் போகும், போகட்டும். வேகம் இல்லாத பையன்தான் சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் மாதிரி தெரிந்து மெதுவாக வரும் பந்து) கற்றுக்கொள்வான், பந்தை ஓரத்தில் வைக்கக் கற்றுக்கொள்வான். உங்கள் இரண்டு பெரிய பையன்கள் இப்போது எதையும் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லை, மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் ப்ளேட் 50 அடிதான். இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் அது 60 அடி 6 அங்குலம் ஆகும், பேஸ் தூரம் 90 அடி ஆகும், மற்ற பையன்களும் உயரமாகிவிடுவார்கள். அப்போது வேகம் மட்டும் வைத்திருந்தவன் திணறுவான்.

மூன்றாம்_பேஸ்_அம்மா:

நான் 10 வயது டீமுக்குக் கோச், அதனால் ப்ராக்டிஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். 12 பேரை நாலு நாலாகப் பிரித்து மூன்று இடத்தில் நிறுத்துங்கள், கால் மணிக்கு ஒருமுறை இடம் மாறட்டும். முதல் இடத்தில் வலைத் தடுப்புக்குப் பின்னால் 25 அடியில் உட்கார்ந்து கீழ்க்கையால் பந்து போடுங்கள், ஆளுக்கு ஆறு பந்து, உடனே அடுத்தவன், சுற்றிச் சுற்றி வரட்டும். சில பந்துகளை வேண்டுமென்றே வெளியே போடுங்கள், அதை அடிக்காமல் விட்டவனுக்கும் சத்தமாக ஒரு சபாஷ். மெஷினில் எல்லாப் பந்தும் ஒரே இடத்துக்கு ஒரே வேகத்தில் வரும், பையன் மெஷினை அடிக்கப் பழகுவான், அவ்வளவுதான். இரண்டாவது இடத்தில் கிரவுண்ட் பால் (தரையில் உருண்டு வரும் பந்து), ஆனால் ஸ்டாப்வாட்சோடு. உங்கள் டீமில் வேகமாக ஓடுபவன் முதல் பேஸுக்கு எத்தனை நொடியில் போகிறான் என்று அளந்துகொண்டு, அந்த நேரத்துக்குள் பந்து போய்ச் சேர வேண்டும் என்று வையுங்கள். அதுவரை அழகாகக் குனிந்து எடுத்தவன் எல்லாம் அவசரத்தில் காற்றில் வீசுவான், அதுதான் மேட்ச்சில் நடப்பது, அதை ப்ராக்டிஸிலேயே பார்த்துவிடலாம். மூன்றாவது இடத்தில் பேஸ் ரன்னிங். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் உடம்பு சின்னதாக இருக்கும் பையன் மேட்ச்சை மாற்றுவதே இங்கேதான்.

ரைட் ஃபீல்ட் பையன்களுக்கு: அந்த இடத்துக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். இன்ஃபீல்டில் (பேஸ்கள் இருக்கும் உள்பகுதியில்) எந்தப் பந்து அடிபட்டாலும் முதல் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும். இந்தச் சின்ன மைதானத்தில் வேகமாக வரும் ஹிட்டை எடுத்து முதல் பேஸுக்கு வீசியே அவுட் பண்ணலாம், ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் அவனை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். அதோடு ஒவ்வொருவருக்கும் இன்ஃபீல்டில் ஒரு இடம், அவுட்ஃபீல்டில் ஒரு இடம் என்று சீசன் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். டோர்னமென்ட் அனுமதித்தால் வந்திருக்கும் 12 பேரையும் பேட்டிங் வரிசையில் போடுங்கள். 12 வயதில் ஒருவனுடைய இடம் எது என்று யாருக்குத் தெரியும்? மேஜர் லீக் பிட்ச்சர் ஜேகப் டிக்ராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), அங்கேதான் பிட்ச்சிங்குக்கே வந்தார், பிறகு 2018, 2019 இரண்டு வருடமும் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. மேஜர் லீக்கில் ஆடிய பஸ்டர் போஸியும் கல்லூரிக்கு வந்தபோது ஷார்ட்ஸ்டாப்தான், கேட்ச்சரானது அதற்குப் பிறகு.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் மகன் எங்கே ஆடுகிறான்? ஷார்ட்ஸ்டாப் என்றால் மற்ற பெற்றோர் எண்ணுவது அவனுடைய இன்னிங்ஸைத்தான். ரைட் ஃபீல்ட் சுழற்சியில் முதல் பெயர் அவனுடையதாக இருந்தால் பாதிப் புகார் தானாக அடங்கும்.

ஸ்கோர்புக்:

பெற்றோர் பற்றி யாரும் எழுதவில்லையே. அடுத்த மேட்ச்சில் உங்கள் கடைசி பேட்டரை ஒரு தடவை கவனியுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவன் உங்களைப் பார்க்கிறானா, கம்பி வேலிக்கு வெளியே அப்பாவைப் பார்க்கிறானா? வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "முழங்கையைத் தூக்கு", "முன்னால் வா", "பார்த்து அடி" என்று மூன்று குரல் வரும், பிட்ச்சர் எறியத் தொடங்கும்போது பையன் இன்னும் முழங்கையைத் தூக்கிக்கொண்டிருப்பான். சீசன் ஆரம்பக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: கை தட்டலாம், பெயர் சொல்லிக் கத்தலாம், பாடம் மட்டும் வேண்டாம். ஆடும் நேரம் பற்றிப் பேச வேண்டுமென்றால் மேட்ச் முடிந்து ஒரு நாள் கழித்து, முதலில் பையனே வந்து கேட்கட்டும். அடுத்தவர் பிள்ளையைப் பற்றிய பேச்சு கிடையாது. இதை எழுத்தில் கொடுத்துவிட்டால் நடுவில் சண்டை குறைவு.

டக்அவுட்_மூலை:

எல்லோருக்கும் நன்றி. மகன் ஷார்ட்ஸ்டாப்தான் :) இந்த வாரம் ரைட் ஃபீல்டில் தொடங்குகிறான், வீட்டில் இரண்டு நாளாக முகம் சரியில்லை. முழங்கைப் பையனின் அம்மாவிடம் பேசினேன். வாரநாளில் உள்ளூர் லீக் டீமுக்கும் அவன் பிட்ச் பண்ணிக்கொண்டிருக்கிறான், அந்தக் கோச்சுக்கு எங்கள் கணக்கு தெரியாது, எங்களுக்கு அவர் கணக்கு தெரியாது. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார்கள். இன்னொரு கேள்வி: மற்ற பெரிய பையனுக்குத் தனியாகப் பிட்ச்சிங் சொல்லிக்கொடுப்பவர் கர்வ்பால் (வளைந்து வரும் பந்து) ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொல்லட்டுமா?

பழைய_கேட்ச்சர்:

கர்வ்பால்தான் கையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் நான் மேலே சொன்ன அதே 2011 ஆய்வில் 13 வயதுக்கு முன் கர்வ்பால் போட்டவர்களுக்குக் காயம் அதிகம் என்று நிரூபணமாகவில்லை. எத்தனை போடுகிறான், எவ்வளவு ஓய்வு எடுக்கிறான் என்பதுதான் கணக்கு. இருந்தாலும் நான் தள்ளித்தான் போடச் சொல்வேன், காரணம் வேறு. 12 வயது பேட்டர்கள் வளையும் பந்தைப் பார்த்தே ஏமாந்துவிடுவார்கள், அந்த ருசி கண்டவன் ஃபாஸ்ட்பாலை இடத்தில் வைக்கவும் சேஞ்ச்அப் போடவும் கற்றுக்கொள்ள மாட்டான். பிட்ச் ஸ்மார்ட் சொல்லும் வரிசையும் அதுதான், முதலில் ஃபாஸ்ட்பால், பிறகு சேஞ்ச்அப்.

இரண்டு டீம் விஷயத்துக்கு: அந்த லீக் கோச்சின் நம்பரை வாங்கி, மூன்று பேருக்கும், அதாவது நீங்கள், அவர், பையனின் அம்மா, ஒரு குரூப் போடுங்கள். மேட்ச் முடிந்ததும் தேதி, பந்து எண்ணிக்கை, இரண்டே விவரம், வேறு பேச்சு வேண்டாம். 12 வயதுக்கு எல்லா டீமும் சேர்த்து வருடத்துக்கு 80 இன்னிங்ஸ், அதோடு குறைந்தது நாலு மாதம் பந்து எறிவதே இல்லாமல், என்று அட்டவணையில் இருப்பதையும் அதிலேயே மேலே பின் பண்ணிவிடுங்கள். பந்து எண்ணும் வேலையை ஸ்கோர் எழுதுபவரிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு ஏற்கனவே வேலை அதிகம். வேலியில் நின்று "முழங்கையைத் தூக்கு" என்று கத்தும் அந்த அப்பா இருக்கிறாரே, அவர் கையில் கிளிக்கரைக் கொடுங்கள். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணிக் கணக்கோடு சரிபார்த்து உங்களிடம் சொல்லட்டும்.