தனியே ஸ்னோக் காட்டுக்குள் நடந்தவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

கொக்குவிலான்:
ஊருக்கு வந்து ஃபானுக்குக் கீழே படுத்திருக்கிறேன், மண்டைக்குள் கனடாவின் அல்கோன்குவின் காட்டுப் பூங்காதான் ஓடுகிறது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்: டொரொண்டோவில் இருந்து மூன்று மணித்தியால ஓட்டம், 60ஆம் நெடுஞ்சாலை, அனுமதிச் சீட்டு, சப்பாத்துக்குக் கீழே முள்ளுப் பட்டி. ஜனவரி, மைனஸ் 28. கூட வருவதாகச் சொன்ன மச்சான் வழக்கம் போலக் கடைசி நேரத்தில் கழன்றுவிட்டான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. புதிதாக விழுந்த ஸ்னோவுக்குள் நிறையக் காற்று இருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிவிடும், நம்முடைய மூச்சுத்தான் நமக்குக் கேட்கும். அப்போது வலது பக்கம் 'டக்' என்று ஒரு வெடி.

நான் யோசிக்கவே இல்லை. குப்புறக் கிடக்கிறேன், இரண்டு கையும் தலைக்கு மேலே, வாய் திறந்தபடி. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முதல் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்களே, அதே மாதிரி. அடுத்தது எங்கே விழும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். ஸ்னோ உருகிக் கழுத்துக்குள் இறங்கியபோதுதான் எந்த நாட்டில் கிடக்கிறேன் என்று உறைத்தது. கடுங்குளிரில் மரத்தின் வெளிப்பக்கம் உட்பக்கத்தை விடக் கெதியாகச் சுருங்கிப் பிளக்கிற சத்தம் அது. இந்த விளக்கமெல்லாம் எனக்கு முதலே தெரியும். தெரிந்து என்ன, உடம்பு கேட்கவில்லையே. வேறு ஆருக்கும் இப்படி நடந்ததா?

ஒஸ்லோ அக்கா:
எனக்கு வெடி இல்லை, எல்க், மாட்டை விட உயரமான பெரிய மான். ஒஸ்லோவுக்குப் பக்கத்துக் காட்டில் சொங்ஸ்வானில் இருந்து உல்லெவோல்சேதர் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன், டிசம்பர் கடைசி, இங்கே மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும் என்பதால் கொஞ்சம் வேகமாக. ஒரு வளைவில் பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறார். ஆழமான ஸ்னோவுக்குள் காலை இழுத்து நடப்பதை விட நாங்கள் மிதித்து இறுக்கிய பாதை அவருக்கும் சுகம்தானே. தோள் என் தலைக்கு மேலே. மூக்கில் இருந்து ஆவி. பிறகு காது இரண்டையும் பின்னுக்கு மடித்தது, பிடரி மயிர் எழும்பியது, நாக்கால் உதட்டை நக்கியது. இது மூன்றும் சேர்ந்தால் பாயப் போகிறது என்று அர்த்தம். என் வாயில் இருந்து வந்தது 'ஹை, ஹை, அங்காலை போ'! அப்பு தோட்டத்துக்குள் மாடு கலைக்கிற அதே குரலில். சத்தம் போட்டுக்கொண்டே ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போனது. எல்க்குக்குத் தமிழ் விளங்கியிருக்கிறது என்று மகள் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறாள். எனக்கு அந்த நாக்குத்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

பேர்ன் அண்ணை:
தம்பி கொக்குவிலான், அது மரமாக இருக்காது. உறைந்த ஏரியில் ஐஸ் சுருங்கும்போதும் வெடிக்கும், அதைத்தான் கேட்டிருப்பீர்கள். தங்கச்சி, மிருகத்துக்கு முன்னால் சத்தம் போடவும் கூடாது, ஓடவும் கூடாது. என் கதை சின்னது: சுவிஸின் ஓபர்லாண்ட் மலைப்பக்கத்தில் காலடியில் இருந்து ஸ்னோவைக் கிழித்துக்கொண்டு ஒரு காட்டுக்கோழி பறந்தது, நெஞ்சு நின்றுவிட்டது. குளிருக்கு அவை ஸ்னோவுக்குள் குழி பறித்துப் படுத்திருக்கும். அப்படிக் கிளப்பிவிட்டால் அவை சேமித்த சக்தி வீணாகும், அதனால்தான் பாதையை விட்டு இறங்காதே என்கிறார்கள்.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சுவிஸில் மஞ்சள் பலகை கோடைக்கு, குளிர்காலப் பாதைக்கு இளஞ்சிவப்புப் பலகை. மஞ்சளைப் பார்த்துக்கொண்டு ஜனவரியில் போனால் பனிச்சரிவுக்குள் போய் நிற்பீர்கள். டாவோஸில் இருந்து வருகிற பனிச்சரிவு அறிக்கையை முதல்நாள் பின்னேரமே பாருங்கள், ஐந்து படி உண்டு, மூன்று என்றால் 'நடுவில்தானே' என்று நினைக்க வேண்டாம், அதுவே ஆபத்து. போனை வெளிச் சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள், குளிரில் 40 வீதம் இருந்தாலும் அணைந்துவிடும், உள்ளே உடம்போடு வைத்தால் திரும்ப எழும்பும். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பெனியனும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது, கம்பளிதான். தேத்தண்ணீர் ஃபிளாஸ்க்கில். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மனுசி கோபித்தாலும் பரவாயில்லை. சுவிஸில் 1414 என்ற ஹெலிகொப்டர் மீட்பு இலக்கத்தைப் பாடமாக்குங்கள்.

கொக்குவிலான்:
அண்ணை, கிட்டடியில் ஏரியே இல்லை. ஏரி ஐஸ் 'ஊம்ம்' என்று நீளமாக உறுமும், ஷெல் கூவிக்கொண்டு போவது மாதிரி. இது ஒற்றைச் சூடு. இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன், இரண்டு விதமான சத்தத்தையும் ஊரிலும் கேட்டிருக்கிறேன்.

பருத்தித்துறை:
நான் ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை, இங்கேயே இருக்கிறேன். ஆனால் தம்பி, நீங்கள் விழுந்து படுத்ததை வாசித்துவிட்டு எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. போன வருசம் பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் சீனவெடி கொளுத்தியபோது அண்ணை பந்தியில் இருந்து எழும்பிப் போனவர், இலையில் சோறு அப்படியே.

ஒஸ்லோ அக்கா:
பேர்ன் அண்ணை, கரடிக்கு முன்னால்தான் ஓடக் கூடாது. எல்க் பாய்ந்தால் ஓடலாம், ஓடி மரத்துக்குப் பின்னால் போக வேண்டும், அதைத்தான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். சுவிஸில் காட்டில் எல்க்கே இல்லை, நீங்கள் எங்கே கண்டீர்கள்? அத்தோடு 1414 இங்கே வேலை செய்யாது. நோர்வே வந்தால் 112 அடியுங்கள்.