பழைய நோட்டீஸ் எழுத்து: உதவி வேணும், மட்டக்களப்பு

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வடமோடிக் கூத்து (நாட்டுக்கூத்தில் ஒரு வகை) ஒன்றுக்கு 420 × 594 மில்லிமீற்றரில் சுவரொட்டி செய்கிறோம். பழைய அச்சுக்கூட நோட்டீஸ் மாதிரி, மஞ்சள் தாளில் சிவப்பும் கறுப்பும், ஸ்கிரீன் பிரிண்ட்.

முக்கியமாக, யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய வடிவ ‘லை’, ‘ணை’, ‘னை’ உள்ள தடித்த எழுத்துரு வேணும். தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய எழுத்துருக்களில் பெரும்பாலும் அவை இல்லை. யூனிகோட்டில் பழைய, புதிய வடிவம் இரண்டுக்கும் குறியீடு ஒன்றுதான், வடிவத்தைத் தருவது எழுத்துரு; விசைப்பலகையை மாற்றிப் பயனில்லை. எழுத்துரு இல்லாவிட்டால், பழைய நோட்டீஸின் 600 டிபிஐ ஸ்கேன் தந்தாலும் பார்த்து வரைந்துவிடலாம்.

கூத்தின் பெயர் 60 மில்லிமீற்றர் உயரம், 20 அடியில் நின்றே வாசிக்கலாம். நாளும் இடமும் 25, மற்றவை 8. தலைப்பு இரண்டு வரி: மேல்வரி ‘கு’, ‘ழு’வின் வால் கீழ்வரி ‘தி’, ‘கீ’யின் விசிறியில் (மேல்வளைவில்) முட்டுகிறது. இடைவெளியைக் கூட்டினால் பெயர் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. எழுத்தைச் சிறிதாக்க மனமில்லை. வால்களை மட்டும் குறுக்கி வரைந்த ஆக்கள் இருக்கிறீர்களா?

சிறிய எழுத்தில் ‘ண’, ‘ஞ’ சுழிகளை மை அடைக்கிறது. ஸ்கிரீனுக்குச் சென்ரிமீற்றருக்கு 77 நூல் உள்ள வலை போதுமா, 120 வேணுமா?

கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் பெயர் தலைப்புக்கு மேலேயா, கீழேயா? கீழே வைத்தால் நாள் கண்ணில் படப் பிந்துகிறது.