110 ரூபாய்க்குப் போட்டால் சரியாக வருமா?

மார்த்தாண்டம் சித்தி, மாலை 6:12
(பகிரப்பட்டது) பெட்ரோல் பங்கில் 100, 200 என்று கேட்காதீர்கள். அந்தத் தொகைகளுக்குக் குறைவாக ஊற்றும்படி மெஷினில் புரோகிராம் செய்து வைத்திருக்கிறார்கள். 110, 210 என்று போடுங்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.

கருங்கல் மாமா, 6:15
நான் இப்போது 110-க்குத்தான் போடுகிறேன்.

தக்கலை மைனி, 6:19
நேற்று திங்கள்சந்தை போகும் வழியில் 500-க்குக் கேட்டேன். பையன் 200-ல் நிறுத்திவிட்டான். கேட்டதும் "மீதி 300 போடுகிறேன் அக்கா" என்று மறுபடி அடித்தான். நான் பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். வண்டியில் முள் பாதிக்குமேல் ஏறவில்லை.

குலசேகரம் அண்ணன், 6:31
சித்தி, அந்தச் செய்தி தவறு. தினமும் இந்த மெஷின்களைத் திறந்து வேலை பார்ப்பதால் சொல்கிறேன். 100 என்ற பட்டனை அமுக்கினாலும், 1, 1, 0 என்று தட்டினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். தொகையை அன்றைய விலையால் வகுத்து, இத்தனை லிட்டர் என்று மெஷின் கணக்கு வைத்துக்கொள்ளும். பெட்ரோல் ஓடும்போது மீட்டரின் தண்டு சுற்றும். அந்தச் சுற்றைப் பல்சர் என்ற சென்சார் மின்துடிப்பாக்கி மெஷினின் எலக்ட்ரானிக் போர்டுக்கு அனுப்பும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் லிட்டரும் ரூபாயும் ஓடுகின்றன. கணக்கு முடியப்போகும்போது வால்வு ஓட்டத்தைக் குறைக்கும். கடைசி ரூபாய்கள் மெதுவாக ஏறுவது அதனால்தான்.

கருங்கல் மாமா, 6:34
அப்போ 110-க்குப் போடுவதில் பிரயோஜனம் இல்லையா மக்கா?

குலசேகரம் அண்ணன், 6:38
இல்லை மாமா. மீட்டர் சரியில்லை என்றால் 100-க்கும் குறையும், 110-க்கும் அதே விகிதத்தில் குறையும். 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் பங்குகளில் சிப் வைத்துப் பிடிபட்டார்களே, அதுவும் துடிப்பு எண்ணிக்கையில் கைவைத்த வேலைதான்.

மார்த்தாண்டம் சித்தி, 6:40
சர்வீஸ் பண்ணுகிறவர்கள் நினைத்தால் அளவை மாற்றலாமே மக்களே?

குலசேகரம் அண்ணன், 6:47
அளவு திருத்துகிற இடத்தில் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள் சித்தி. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வருடம் ஒரு முறை வந்து சரிபார்ப்பார். இடி மின்னலில் போர்டு போனால் நாங்கள் மாற்றுவோம். அதற்காக முத்திரையை உடைக்க நேர்ந்தால், அவர் வந்து அளந்து மறுபடி முத்திரை வைக்கும்வரை அந்த நாசிலில் (பெட்ரோல் ஊற்றும் குழாய் முனை) விற்கக் கூடாது. அப்புறம், டோட்டலைசர் என்று ஒன்று உண்டு. அந்த நாசிலில் இதுவரை போன மொத்த லிட்டர் அதில் இருக்கும். பூஜ்யத்துக்குத் திரும்புவது நம் கண் முன்னால் ஓடும் விற்பனை எண் மட்டும்.

மைனிக்குச் சிக்கல் அந்த எண்ணில்தான் வந்திருக்கலாம். நாசிலை மாட்டாமல் கைப்பிடியை மட்டும் விட்டால் எண் 200-லேயே நிற்கும். மறுபடி அழுத்தினால் 201 என்று தொடரும். 300-ல் நிறுத்தினால் மொத்தம் வந்ததே 300-க்குத்தான். நாசிலை மாட்டி எடுத்திருந்தால்தான் பூஜ்யத்திலிருந்து ஓடியிருக்கும்.

தக்கலை மைனி, 6:50
எண்ணை நான் பார்க்கவில்லையே தம்பி. இனி எப்படித் தெரியும்?

குலசேகரம் அண்ணன், 6:55
பெரும்பாலான பங்குகளில் ஒவ்வொரு விற்பனையும் நேரத்தோடு கணினியில் பதிவாகும். அந்த நாசிலில் 200-க்கு ஒன்று, 300-க்கு ஒன்று என இரண்டு பதிவு இருந்தால் பையன் சொன்னது சரி. 300-க்கு ஒரே பதிவு என்றால் 200 ரூபாய் திரும்ப வர வேண்டும். அளவிலேயே சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம், அதற்குமேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம்.

தக்கலை மைனி, 6:57
ஜிபேயில் நேரம் இருக்கிறது. 4:42.

கருங்கல் மாமா, 6:58
நாளை காலையில் நான் அந்தப் பக்கம்தான் வருகிறேன். சேர்ந்து போய்க் கேட்போம்.