வெள்ளவத்தை முற்றத்துத் தோட்டம்: வண்ணத்துப்பூச்சிகள் தங்குவதில்லை, படங்களும் சரியாக வருவதில்லை – ஆலோசனை தேவை

முற்றத்துமல்லி (வெள்ளவத்தை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. மேற்குப் பார்த்த வாசலுக்கு முன்னால் ஏறத்தாழ 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட முற்றம் உண்டு. இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளின் முன்னே செடிகள் நெருங்கிப் பாதை மீது சாய்ந்து பூத்திருக்கும் கொட்டேஜ் தோட்டங்களைப் போன்ற நிறைவை, பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்து தங்கும் விதத்தில் இங்கே உண்டாக்க விரும்புகிறேன். நாற்றுமேடையில் வாங்கிய அடுக்குச் செவ்வரத்தை, போகன்வில்லா, பெற்றூனியா ஆகியவை நன்றாகப் பூக்கின்றன. லவெண்டர் மட்டும் மழை தொடங்கியதும் வேரழுகிப் பட்டுவிட்டது.

வண்ணத்துப்பூச்சிகள் மதிலைக் கடந்து வருகின்றன, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகின்றன. இதற்கிடையில் கறிவேப்பிலைக் கன்றை ஏதோ புழு அரிக்கிறது. தோட்டவேலைக்கு வருபவர் மருந்தடிக்க வேண்டும் என்கிறார்.

படங்களிலும் சிக்கல் உண்டு. செவ்வரத்தையின் சிவப்பு, இதழின் நரம்பு எதுவும் தெரியாமல் ஒரே பூச்சாக விழுகிறது. வெள்ளை மதிலுக்கு முன்னால் எடுத்தால் மதில் சாம்பல் நிறமாகிப் பூ இருண்டு விடுகிறது. தேன்சிட்டு எப்போதும் கறுப்பாகவே வருகிறது. என்னிடம் இருப்பவை கைப்பேசியும், 55-250 மில்லிமீற்றர் வில்லை பொருத்திய பழைய கமராவும் ஆகும். பறவைகளுக்கு வைத்த தண்ணீர்த் தட்டால் நுளம்பு பெருகும் என்று பக்கத்து வீட்டம்மா கவலைப்படுகிறார். அதையும் கவனிக்க வேண்டும்.

வேலியோரம் (தெஹிவளை) எழுதுகிறார்:

தங்கச்சி, முதலில் அந்தக் கறிவேப்பிலைக்கு மருந்தடிக்க விடாதீர்கள். நீங்கள் தேடுகிற வண்ணத்துப்பூச்சி அநேகமாக அந்தப் புழுதான். கறிவேப்பிலையிலும் தேசி மரத்திலும் முட்டையிடுகிற கறுப்பு வண்ணத்துப்பூச்சி கொழும்பில் தாராளமாக உண்டு. அதன் புழு இளம்பருவத்தில் இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே, பழுப்பும் வெள்ளையுமாக ஈரப் பளபளப்போடு இருக்கும். கடைசிப் பருவத்தில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற சிவந்த உறுப்பொன்றை வெளியே நீட்டிக் காரமான மணம் வீசினால் ஐயமே வேண்டாம். மயிர் இல்லாத இந்தப் புழு கையில் சொறி உண்டாக்காது.

உங்கள் முற்றத்தில் வண்ணத்துப்பூச்சி தங்காததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. பூ என்பது அதற்கு வழியில் கிடைக்கும் சாப்பாடு மட்டுமே. முட்டையிடத் தகுந்த இலை இருக்கும் இடத்தில்தான் அது திரும்பத் திரும்பச் சுற்றும். அத்துடன், அடுக்குச் செவ்வரத்தையில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருப்பதால் பூச்சிகளுக்கு அதனால் பெரிய பயனில்லை. ஒற்றையிதழ்ச் சிவப்புச் செவ்வரத்தையை நட்டால் தேன்சிட்டு பூவின் அடியைத் துளைத்தேனும் தேன் குடிக்கும். நாற்றுமேடைச் செடிகளுக்குப் பூச்சிமருந்து இட்டார்களா என்றும் கேட்டு வாங்குங்கள்: இமிடாக்குளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் வேர்வழியே செடி முழுவதும் ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் சேர்வதால், இலையைக் கழுவி அவற்றைப் போக்க முடியாது.

லவெண்டரை மறந்துவிடுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் நன்றாக வரும் செடிகளை வெள்ளவத்தையின் புழுக்கத்தில் வைத்து வருத்துவது முறையாகாது. கொட்டேஜ் தோட்டத்தின் அழகு குறிப்பிட்ட செடிகளில் இல்லை. உயரமானவை பின்னும் தாழ்ந்தவை முன்னுமாக, மண் தெரியாமல் நெருக்கி நடுவதில்தான் இருக்கிறது. அதை நம்முடைய செடிகளாலேயே செய்யலாம். பின்வரிசையில் செவ்வரத்தை, வெட்சி, கறிவேப்பிலை. நடுவில் கிலுகிலுப்பை, துளசி, சீனியா. பாதையோரம் உப்புக்காற்றைத் தாங்கும் பட்டிப்பூ. மதிலோரத்து மூலையில் ஓர் எருக்கலை நின்றால் செம்பழுப்பு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். அதே இனத்தின் ஆண்கள் கிலுகிலுப்பையின் காய்ந்த தண்டிலும் விதையிலும் ஒருவகை வேதிப்பொருளுக்காக மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கிலுகிலுப்பை வாடியதும் பிடுங்கி எறிய வேண்டாம். நாயுண்ணியை மட்டும் நடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிகள் விரும்பினாலும் அது இலங்கையில் காடுகளை ஆக்கிரமிக்கும் செடி.

இடமிருந்தால் ஈசுவரமூலிக் கொடியையும் ஒரு கம்பத்தில் ஏற்றிவிடுங்கள். மூலிகைக் கன்று விற்பவர்களிடம் சிங்களத்தில் ‘சப்சந்த’ என்று கேட்டால் கொடுப்பார்கள். சிவப்பு உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட உரோசா அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் குடும்பச் செடிகளின் இலையை மட்டுமே நம்பி வாழ்கிறது. அந்த இலையின் நஞ்சு உடலில் சேர்வதால் பறவைகள் அதை உண்பதில்லை. அந்தப் பாதுகாப்பைப் பெறவே கறிவேப்பிலையில் வளர்ந்த கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் ஒரு பகுதி அதன் சிறகு நிறத்தைப் பின்பற்றுகின்றன. உடல் சிவப்பா கறுப்பா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். அந்தக் கொடி மனிதருடைய சிறுநீரகத்துக்குக் கேடானது. வீட்டு வைத்தியமாக யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலும் ஒளியும் (கொட்டாஞ்சேனை) எழுதுகிறார்:

அக்கா, மேற்குப் பார்த்த முற்றம் என்பதால் காலையில் வீட்டின் நிழல் செடிகள் மீது விழும். பூக்களைத் தனியாக எடுப்பதற்கு அந்த நேரம் மிக நல்லது. வண்ணத்துப்பூச்சிகளோ வெயில் ஏறிய பிறகுதான் வரும், கொழும்பின் நண்பகல் வெயில் தலைக்கு நேரே நிற்பதால் சிறகுக்குக் கீழே கடும் நிழல் விழும். மாலை நான்கு மணிக்குப் பின் படலைப் பக்கமாகச் சாய்ந்து வரும் ஒளிதான் உங்கள் முற்றத்துக்குரிய ஒளி. செவ்வரத்தையை வீட்டுச் சுவரோரம் நட்டு, படலைக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். தேன்சிட்டின் கழுத்து மினுக்கம் சாயத்தால் வருவதன்று, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது; சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் அந்த ஊதாவும் பச்சையும் தெரியும். வானத்தைப் பின்னணியாக்கி எடுக்கும் வரை அது கறுப்பாகவே வரும். பூவுக்கு அருகில், இலைகள் பின்னால் வருமாறு ஒரு காய்ந்த குச்சியை நட்டு வையுங்கள். தேன் குடிக்குமுன் அதில் வந்து அமரும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம்.

சிவப்பும் வெள்ளை மதிலும் ஒரே காரணத்தால் எதிரெதிராகக் கெடுகின்றன. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சமாக்கவே கமரா முயல்கிறது. மதில் நிறைந்த படத்தை அது இருட்டாக்குவதால் ஒளியளவை ஒரு படி கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே நிற்கும் செவ்வரத்தையில் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. சிவப்பு நிறத்தின் பதிவெல்லை நிரம்பி இதழின் நரம்பு அழிகிறது. அங்கே முக்கால் படியோ ஒரு படியோ குறையுங்கள். கமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஒளிப்பரவல் வரைபடம் (histogram) காட்டும் வசதி இருந்தால் சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் பூவின் மீது விரலை அழுத்திப் பிடித்து, பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும்.

ஆனால் அந்த மதிலில் கொடித்தோடையைப் படரவிடுவதே நிரந்தரத் தீர்வு. பின்னணி பச்சையாகும், அதன் இலையில் முட்டையிடும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியும் வரும். வேலியோரம் ஐயா சொன்னது படம் எடுப்பவர்களுக்கும் பொருந்தும். பறப்பதைத் துரத்தி எடுப்பதை விட, கூட்டுப்புழு எங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொண்டு காத்திருப்பது நல்லது. பெரும்பாலும் காலையில் வெளிவரும் வண்ணத்துப்பூச்சி சிறகு காயும்வரை அசையாமல் தொங்கும். அப்போது கமராவின் பின்பக்கம் சிறகுக்கு இணையாக இருக்குமாறு பிடித்து, எஃப்/8 என்ற வில்லைத் துளையளவில் எடுத்தால் விளிம்பு முதல் விளிம்பு வரை கூர்மையாக வரும். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை வெளியே எடுத்ததும் வில்லையில் நீர் பூக்கும் என்பதால் பையை மூடியபடியே அரை மணி நேரம் முற்றத்தில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

தெமட்டகொடை வாசகர் எழுதுகிறார்:

பக்கத்து வீட்டம்மாவின் கவலை நியாயமானது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகள் இருந்தால் வீட்டுக்காரரே பொறுப்பு. தண்ணீரை நாள்தோறும் மாற்றுவதுடன் தட்டின் உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள்; டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூச்சாடிகளின் அடித்தட்டில் மணலை நிரப்பி ஈரமாக மட்டும் வையுங்கள். நீர் தேங்காது, உப்புச் சத்தை உறிஞ்ச ஆண் வண்ணத்துப்பூச்சிகளும் அந்த மணலில் வந்து இறங்கும்.

முற்றத்துமல்லி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. புழுவை ஈர்க்கால் தொட்டதும் சிவந்த கவை வெளியே வந்தது; மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவுக்குச் சமையலுக்கு இலை வேண்டும். கன்றோ இடுப்பளவுதான் இருக்கிறது. அத்துடன், தெருவில் நுளம்புக்குப் புகையடிக்க வந்தால் புழுக்களை என்ன செய்வது?

வேலியோரம் எழுதுகிறார்:

இன்னொரு கன்றை வாங்கி அதற்கு மெல்லிய வலைத்துணியைப் போர்த்திவிடுங்கள், அது அம்மாவுக்கு. புழுக்களை இலையோடு கிள்ளிப் பழைய கன்றில் விட்டால் போதும். இரண்டு, மூன்று வாரங்களில் அவை கூட்டுப்புழுவாகிவிடும், கன்று மீண்டும் துளிர்க்கும். புகையடிக்கும் நாளில் புழு இருக்கும் கொப்பை வெட்டி, ஒடுங்கிய வாயுள்ள நீர்ப்போத்தலில் செருகி, புழு உள்ளே விழாமல் வாயைப் பஞ்சால் அடைத்து வீட்டுக்குள் வையுங்கள். புகை வாசனை அடங்கி, கன்றின் இலைகளை நீரால் கழுவிய பிறகு, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விடலாம்.