பாஸோ கன்டினுவோ: "அடியிழை" சரிவருமா?

அன்பு நண்பர்களே,

பழைய மேற்கத்திய இசையில் பாட்டுக்கு அடியில் விடாமல் ஓடும் கீழ்வரிதான் பாஸோ கன்டினுவோ, சுருக்கமாகக் கன்டினுவோ. அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறேன். நீங்கள் சொன்ன பெயர்களுக்கு என் பதில் இது.

> "சுருதி" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். தம்பூரா நின்ற இடத்தில் நின்று பாட்டைத் தாங்குகிறது. கன்டினுவோ நகர்ந்துகொண்டே இருக்கும். செலோவோ வயலோனேயோ (இரண்டும் தாழ்ந்த குரலுள்ள பெரிய வில் வாத்தியங்கள்) கீழ்வரியை வாசிக்க, ஆர்கன்காரர் அதே வரியில் குறித்த எண்களைப் பார்த்து உடனுக்குடன் சுரக்கூட்டுகளை நிரப்புவார். மேலே பாடுகிறவர்கள் எங்கே போகலாம் என்பதே அந்த வரியைப் பொறுத்தது.

> வலிவு, சமன், மெலிவு இருக்கிறதே. "தொடர்மெலிவு"?

மேல், நடு, கீழ்க் குரல்நிலைகளுக்குப் பழைய தமிழிசை வைத்த பெயர்கள் அவை. பழைய சொல்லுக்கு உயிர் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று மெலிவு என்றால் நோஞ்சான்தனம். மொத்த இசையையும் சுமக்கிற குரலுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், யான் டிஸ்மாஸ் ஸெலென்கா என்ற இசையமைப்பாளரின் திருப்பலி (கத்தோலிக்க வழிபாடு) இசை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) 1679-இல் பிறந்தவர். ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் வயலோனே வாசித்தவர். இசைத்தலைவர் பதவிக்கு 1733-இல் மனுப் போட்டார். அது ஹாஸே என்ற இன்னொரு இசையமைப்பாளருக்குப் போனது. 1745-இல் ஸெலென்கா இறந்தபின் கையெழுத்துப் படிகளை அரசவை வாங்கி வைத்துக்கொள்ள, இருபதாம் நூற்றாண்டில்தான் உலகம் அவற்றை நிறையக் கேட்கத் தொடங்கியது. 1738-இல் அவர் எழுதிய சி மைனர் "மிஸெரேரே"யைக் கேளுங்கள். நம் கிறிஸ்தவக் கோயில்களில் "கடவுளே, எனக்கு இரங்கும்" என்று பாடுகிற அதே 51-ஆம் திருப்பாடல்தான். கீழே தந்திகள் விடாமல் துடிக்க, மேலே பாடகர் குழு இரக்கம் கேட்டுக் கதறுகிறது. வாழ்நாளெல்லாம் கீழ்வரியை வாசித்த கை எழுதிய இசை என்பது எனக்கு முதல் நொடியிலேயே தெரிந்தது. இவரைப் பற்றி எழுதும்போது அந்த வரிக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது?

அதனால் "அடியிழை" என்கிறேன். அடியில் ஓடுவது, அறுபடாதது, மற்ற இழைகள் பின்னிக்கொள்ள இடம் தருவது. எண் குறித்ததை "எண்ணிட்ட அடியிழை" எனலாம். நெசவு தெரிந்தவர்கள் "பாவு" இன்னும் பொருந்தும் என்பார்கள். ஆனால் பாவில் இழைகள் பல, இங்கே ஓடுவது ஒன்று.

"ஸெலென்கா அடியிழையை வயலோனேயில் வாசித்தார்." வாய்விட்டுப் படித்துப் பார்த்து, உறுத்துகிறதா என்று சொல்லுங்கள்.