மாப்பிள்ளைக்கு ராக்கெட் கம்பெனியில் வேலை

(குழு: கோட்டையூர் பெரிய வீடு)

சொக்கலிங்கம் அம்மான்: அத்தான், மீனாளுக்கு ஜாதகம் பொருந்துகிறது. பையன் மாத்தூர் கோவில், நாம் வைரவன்கோவில், குலக்கோவில் வேறு என்பதால் அந்த வகையிலும் தடையில்லை. வேலைதான் இடிக்கிறது. சென்னையில் சின்ன ராக்கெட் செய்யும் கம்பெனியாம். இன்னும் ஒன்றைக்கூட மேலே அனுப்பவில்லை.

அப்பத்தா: பாங்க் வேலையில் ஒரு பையனும் கிடைக்கவில்லையா?

பழனியப்பன்: அப்படித் தள்ளிவிடாதீர்கள் அம்மான். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் கம்பெனி 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்த ஏவுதளத்திலிருந்தே ராக்கெட் விட்டது. சுற்றுப்பாதைக்குப் போகாத சோதனைதான். ஆனால் எஞ்சின் முழுவதும் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்தது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரிகிற எஞ்சின்.

அப்பத்தா: மண்ணெண்ணெயா? ரேஷன் கடையிலேயே கண்ணில் படுவதில்லை.

பழனியப்பன்: இது விமானத்துக்கு ஊற்றுகிற ரகம் அப்பத்தா 😀

சொக்கலிங்கம் அம்மான்: அதையும் நான்கு முறை ஏவாமல் நிறுத்தினார்கள். பேப்பரில் படித்தேன்.

பழனியப்பன்: நிறுத்தியதால்தான் ஐந்தாவது முறை பறக்க ராக்கெட் மிஞ்சியது. திரவ எரிபொருள் எஞ்சினைப் பற்றவைத்த பிறகும் வால்வை மூடி அணைக்கலாம். திட எரிபொருள் வாணம் மாதிரி, பற்றினால் பற்றியதுதான்.

ராமநாதன்: அதெல்லாம் சரி. வரும்படி எங்கிருந்து? 2017இல் இஸ்ரோ ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 செயற்கைக்கோள் அனுப்பியது. சின்ன ராக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

பழனியப்பன்: கூட்டத்தோடு போனால் அந்த ராக்கெட் போகும் நாளில், அது விடும் பாதையில்தான் இறங்க வேண்டும் அப்பச்சி. தனக்கென்று ஒரு நாளும் பாதையும் வேண்டும் என்பவர்கள் சின்னதற்குக் காசு கொடுக்கிறார்கள். நியூசிலாந்திலிருந்து பறக்கும் எலக்ட்ரான் என்ற ராக்கெட் சுமார் 300 கிலோதான் தூக்கும். ஐம்பது தடவைக்கு மேல் பறந்துவிட்டது. அதன் எஞ்சினுக்கு எரிபொருள் தள்ளும் பம்ப் ஓடுவது பேட்டரியில்.

மீனாள்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா?

சொக்கலிங்கம் அம்மான்: சொல் ஆத்தா.

மீனாள்: 2006இல் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஃபால்கன் 1 ராக்கெட் முதன்முதலாகப் பறந்தது பசிபிக் கடலில் ஓமலெக் என்ற குட்டித் தீவிலிருந்து. எரிபொருள் குழாயில் ஓர் அலுமினிய நட்டு. உப்புக்காற்று அரித்து அதில் விரிசல் விட்டிருந்தது. மண்ணெண்ணெய் கசிந்து தீப்பிடித்தது, அரை நிமிடத்தில் எஞ்சின் நின்றது. உள்ளே இருந்த செயற்கைக்கோள் அவர்களுடைய கொட்டகைக் கூரையையே பொத்துக்கொண்டு விழுந்தது! முதலில் பழி நட்டை முடுக்கிய ஆள் தலையில் விழுந்தது. பிறகுதான் அரிப்பு என்று தெரிந்தது.

மீனாள்: இரண்டாவதும் வீணாய்ப் போயிற்று. 2008 ஆகஸ்டில் மூன்றாவது. எஞ்சினை அணைத்த பிறகும் மிச்சமிருந்த எரிபொருள் கொஞ்சம் தள்ளியதால், கழன்ற கீழ் அடுக்கு மேலே வந்து இரண்டாம் அடுக்கை முட்டிவிட்டது. கழற்றுவதைச் சில விநாடி தாமதப்படுத்தினார்கள், அவ்வளவுதான். செப்டம்பர் 28 அன்று சுற்றுப்பாதையை எட்டியது. தனியார் செய்த திரவ எரிபொருள் ராக்கெட்டுகளில் அதுதான் முதல்.

ராமநாதன்: அதுவரை சம்பளம் கொடுத்தார்களா?

மீனாள்: கொடுத்தார்கள் அப்பச்சி. நான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில், அதுதான் செக்ரியில், ஆராய்வதும் இந்த அரிப்பைத்தானே. மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் காயவைத்து எடைபோடுகிறோம். ஸ்ரீஹரிகோட்டாவும் கடற்கரை, அடுத்து வரப்போகும் குலசேகரன்பட்டினம் ஏவுதளமும் கடற்கரை. அவர் எஞ்சினில் நட்டு எந்த உலோகம் என்று நான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள்.

அப்பத்தா: பெண் பார்க்க வருகிறவனிடம் நட்டைப் பற்றியா கேட்பாள்?

ராமநாதன்: கேட்கட்டும் ஆத்தா. சொக்கு, எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்துச் சொல். சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டும்.