சிங்கப்பூர் உபின் தீவுல ராத்திரி தங்கினவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

பிடோக் அப்பா:

போன ஜூன் லீவுல நடந்தது, இன்னும் மனசுக்குள்ளயே கெடக்கு, அதான் எழுதுறேன். மாமாம் கேம்ப்சைட். போனவங்களுக்குத் தெரியும், கடல ஒட்டியே இருக்கும், எதிர்ல ஜோகூர் லைட்டு, போன்ல மலேசியா லைன் வந்து உக்காந்துக்கும். நான், மனைவி, புள்ளைங்க ரெண்டு. புளிச்சோறு கட்டிட்டுப் போயிருந்தோம், மிச்சத்த டப்பாவுல போட்டு பிளாஸ்டிக் பையில சுத்தி டென்ட் வாசல்ல வச்சுட்டேன்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பை கிழியுற சத்தம். பன்னி. தாயும் குட்டிங்களும். உபின்ல பன்னி பாக்குறது ஒண்ணும் புதுசில்ல, பகல்ல எத்தனையோ தடவ பார்த்திருக்கேன், ஆனா இருட்டுல, நடுவுல வெறும் ஒரு துணி, அந்தப் பக்கம் அது இந்தப் பக்கம் நம்ம புள்ளைங்க, அப்போ வேற மாதிரி இருக்குங்க. சோறு தீர்ந்ததும் டென்ட சுத்தி மோந்துக்கிட்டே வந்துச்சு. போன் வெளிச்சத்துல பாக்குறேன், துணி மெதுவா உள்பக்கம் புடைக்குது, மூக்கு முட்டுற எடத்துல வட்டமா ஈரம், சின்னவ காலுலேர்ந்து ஒரு சாண்தான். அவ முழிச்சிருந்தா. கத்தல. "அப்பா, என்னாப்பா அது?"ன்னு மூச்சுலயே கேட்டா. "காத்துமா, தூங்கு"ன்னு சொல்லிட்டேன்.

கண்ண மூடிக்கிட்டா, ஆனா என் சட்டையப் புடிச்ச கை விடியிற வரைக்கும் விடல. காலையில வாசல்ல பார்த்தா மண்ணெல்லாம் குளம்புத் தடம். அவ தடத்தப் பார்த்தா, அப்புறம் என்னப் பார்த்தா, ஒண்ணுமே கேக்கல. ஒன்பது வயசு. அது ஏதாவது கேட்டிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

காட்டுவழி:

அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, சாப்பாட்ட வாசல்ல வச்சது உங்க தப்புதான். உபின்லயே இன்னொரு கேம்ப்சைட், ஜெலுத்தோங், அங்க எனக்கும் ஒரு தடவ பையத் தூக்கிட்டுப் போயிருக்கு, குரங்கு, அவ்வளவுதான் என் கதை.

ஆனா சிலது சொல்லியே ஆகணும். மொதல்ல சாப்பாடு எதுவும் டென்டுக்குள்ளயும் வேணாம் வாசல்லயும் வேணாம், இறுக்கமா மூடுற பெட்டியில போட்டு நீங்க தூங்குற எடத்துலேர்ந்து நல்லா தள்ளி வைங்க, பிஸ்கட் கவரு, தின்ன ஆரஞ்சுத் தோலு எல்லாம் சேத்துத்தான் சொல்றேன். பிளாஸ்டிக் பை கையில தொங்கவே கூடாது, பை சத்தம் கேட்டாலே சாப்பாடுன்னு குரங்கு பழகியாச்சு, பேக்பேக்ல போட்டு ஜிப் மூடிடுங்க. குட்டியோட பன்னி நின்னா கிட்டப் போகாதீங்க, லைட்ட மூஞ்சில அடிக்காதீங்க, ஓடாதீங்க, மெதுவா பின்னாடியே வாங்க, குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல மட்டும் மாட்டிக்கக் கூடாது. குடிக்கிற தண்ணி இங்கேர்ந்தே தூக்கிட்டுப் போங்க, அங்க கெணத்துத் தண்ணிதான். பாவம்னு ஒரு வாய் சோறு போடுறவங்களையும் பார்த்திருக்கேன், 2020லேர்ந்து காட்டு விலங்குக்குத் தீனி போட்டா மொத தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். நாம போட்ட சோறுதான் அதுங்கள டென்டுக்கு வர வைக்குது. அப்புறம் பெர்மிட் எடுத்தீங்களா? அதையும் சொல்லவே இல்லையே.

சாங்கிக்காரன்:

பெர்மிட் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பார்க்குக்கு. உபின்ல மாமாம், ஜெலுத்தோங்குக்குக் கேக்கறதில்ல, தெரியாம அவர ஏன் பயமுறுத்துறீங்க? அவர் புள்ளையப் பத்திச் சொல்றாரு, நீங்க பாடம் எடுக்குறீங்க.

என்னோடது ராத்திரி கதை இல்ல, ஆனா உபின்தான். 2001, உபினோட கெழக்குக் கரை செக் ஜாவாவ மண்ணு போட்டு மூடப் போறாங்கன்னு சொல்லி சனம் சனமா பாக்கப் போன நேரம். எனக்குப் பன்னெண்டு வயசு, அப்பாவோட போனேன். உபினுக்குப் போற சின்னப் படகு, பம்போட்டு, அது கெளம்ப 12 பேர் சேரணும்ல, அன்னிக்கு உக்காரும்போதே சேர்ந்துடுச்சு, இப்பல்லாம் வார நாள்ல போனா எவ்வளவு நேரம் காத்துக் கெடக்கணும், அவசரம்னா காலி சீட்டுக்கும் சேத்து நாமதான் கட்டணும். தண்ணி நல்லா வத்தியிருந்துச்சு. மணல்ல சாண்ட் டாலர் ஒண்ணு எடுத்தேன், தட்டையா வட்டமா இருக்குற கடல் பிராணி, உயிரோட, உள்ளங்கை அகலம், மேலெல்லாம் பொடி முள்ளு, கையில வச்சா அந்த முள்ளெல்லாம் மெல்ல அசையுது, அந்தக் கூச்சம் இப்பவும் கையில இருக்கு. எப்படியும் மண்ணுக்கடியில போகப் போறது தானேன்னு மைலோ டின்ல கடல் தண்ணி ஊத்தி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். காலையில செத்துக் கெடந்துச்சு, அறை பூரா நாத்தம். அம்மா ஒண்ணும் சொல்லாம கொண்டு போய்க் கொட்டினாங்க.

அந்த வருஷக் கடைசியிலயே மூடுற திட்டத்தத் தள்ளி வச்சுட்டாங்க. செக் ஜாவா இன்னும் அங்கதான் இருக்கு. 2007ல பலகைப் பாலம் தெறந்ததுலேர்ந்து எத்தனையோ தடவ போயிட்டேன், மேல நின்னு பாக்குறதோட சரி, கீழ கை விடவே மாட்டேன்.

ராஜுலா பேத்தி:

உபின் இல்ல, செயின்ட் ஜான்ஸ் தீவு, பரவாயில்லையா? அதுக்கும் படகுலதான் போகணும், மரினா சவுத் பியர்லேர்ந்து.

2011ல பாட்டியக் கூட்டிட்டுப் போனோம், அப்போ அவங்களுக்கு 79. சும்மா பிக்னிக்னுதான் நெனச்சோம். பாட்டி ஏழு வயசுல நாகப்பட்டினத்துலேர்ந்து ராஜுலா கப்பல்ல வந்தவங்க, டெக்கு டிக்கெட்டு. அந்தத் தீவு 1874லேர்ந்து குவாரண்டைன் தீவு, காலராவுக்குன்னு ஆரம்பிச்சது, கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க எத்தனையோ பேர அங்க எறக்கி வச்சுத்தான் ஊருக்குள்ள விட்டாங்க. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். பாட்டி வீட்டுல அதப் பத்திப் பேசினதே இல்ல.

ஜெட்டியில எறங்கினதும் நின்னுட்டாங்க. "இங்கதாண்டி துணியெல்லாம் வாங்கி ஆவியில வச்சாங்க, எங்கம்மா ஈரத்தோட நின்னுச்சு"ன்னாங்க. அவ்வளவுதான், மேல கேட்டாலும் சொல்லல. அந்த நேரம் எங்க பின்னாடியே ஒரு ஸ்கூல் கூட்டம் எறங்குது, பாய், பை, கிட்டார் எல்லாம் தூக்கிக்கிட்டு ஒரே சிரிப்பு. இவங்க எங்க போறாங்கன்னு கேட்டாங்க. ராத்திரி தங்க வந்திருக்காங்க பாட்டின்னேன்.

"தானாவா வந்தாங்க?"

அத எப்படிக் கேட்டாங்கன்னு என்னால எழுத்துல கொண்டு வர முடியல. கோபம் இல்ல, வருத்தமும் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். அந்தப் புள்ளைங்க மேட்டுல ஏறி மறையுற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. பக்கத்துத் தீவு லாசரஸுக்குப் போற பாலம் வரைக்கும் நடந்தோம், அவங்க என் கைய விடவே இல்ல. அடுத்த வருஷம் போயிட்டாங்க. அன்னிக்கு இன்னும் ரெண்டு வார்த்த கேட்டிருக்கலாம்.

காட்டுவழி:

பெர்மிட் விஷயத்துல சாங்கிக்காரன் சொன்னது சரி, நான்தான் ஈஸ்ட் கோஸ்ட நெனச்சுச் சொல்லிட்டேன். சாப்பாட்டு விஷயத்துல சொன்னதச் சொன்னதுதான். அக்கா, உங்க பாட்டி கதைய ரெண்டு தடவ படிச்சேன்.

பிடோக் அப்பா:

பெட்டி வாங்கிட்டேன் தம்பி, மூடி இறுக்கமா பூட்டுற மாதிரி.

அக்கா எழுதினதப் படிச்சுட்டு நேத்து ராத்திரி சின்னவகிட்ட சொல்லிட்டேன், அன்னிக்கு வந்தது காத்து இல்லம்மா, பன்னி, அப்பாவுக்கும் பயம்தான்னு. தெரியும்பான்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, குட்டி எத்தனைன்னு கேட்டா. நான் எண்ணல.